ஈரம் கழித்த எடை

செங்காட்டு நிலக்கடலை மண்டியில் ஒரு சமயம் கண்ணாடி எடைக்கருவி ஒன்று வந்து இறங்கிற்று. கிராமத்து ஆண்களின் எடையையும் உடல்நலத்தையும் ஆராயும் குழு அதை அனுப்பியிருந்தது. அவ்வூர் ஆண்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டியும் பாரார். ஆகவே ஆய்வே அவர்களைத் தேடி வந்தது. பன்னிரண்டு வாரம், வாரம் ஒருமுறை, சுமைதூக்குவோர் அதன்மேல் ஏற வேண்டும். எடை குறைகிறதா என்று ஆய்வாளர் எஸ்தர் குறித்துக்கொள்வார்.

முதல் வாரம், சுமைதூக்குவோரின் தலைவர் சன்னாசி மேஸ்திரி ஏறினார்.

"தொண்ணூத்தாறு. கொஞ்சம் குறைக்கணும்ணே" என்றார் எஸ்தர்.

பின்பாதி யார் காதிலும் விழவில்லை. "தொண்ணூத்தாறா! மேஸ்திரின்னா மேஸ்திரிதான்!" என்று விசில் பறந்தது.

"அடுத்த வாரம் பாருங்க, ஒங்கள முந்துறேனா இல்லியான்னு!" என்று மார்தட்டினான் வீரணன்.

அவ்வளவுதான்; ஆய்வு பந்தயமாயிற்று. வீரணன் இரண்டு செம்பு மோரைக் குடித்துவிட்டு ஏறினான். ஒருவன் நனைத்த துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவந்தான். மற்றொருவன் மடியில் மூட்டைக் கொக்கிகளை ஒளித்துவந்தான். கண்ணாடிக் கருவிக்குத் தலை சுற்றிற்று.

நான்காம் வாரம், மேஸ்திரி மதியம் கண்ணயர்ந்த வேளையில், அது மண்டியின் இரும்புத் தராசிடம் முறையிட்டது.

"அண்ணே, ஒருவர்கூடக் குறையவில்லை. இப்படியே போனால் ஆய்வை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம்."

"தம்பி, நாற்பது வருஷமாய் இங்கே எடை கூடினால்தான் கொண்டாட்டம். குறைந்ததற்கு எவன் கைதட்டினான்?" என்று தராசு கடகடவெனச் சிரித்தது.

ஆணியில் தொங்கிய மேஸ்திரியின் பச்சை பெல்ட் பெருமூச்சு விட்டது.

"உங்களுக்கு எண்தான் தெரியும். நானோ அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறேன். லாரிப் பலகையில் ஏறும்போது பாதியில் நின்று துண்டைச் சரிசெய்கிறாரே, துண்டு அவிழ்ந்தா? மூச்சு வாங்குகிறது, தம்பி! நேற்றுக் கண் இருட்டி, பலகையின் விளிம்பில் காலை வைத்துவிட்டார். முதுகில் மூட்டை வேறு."

"ஐயோ! யாரிடமாவது சொல்லக்கூடாதா?"

"மனிதர் காதில் விழும்படி எனக்கு ஏது வாய்? இருப்பது ஒரு பக்கிள்."

ஐந்தாம் வாரம் வீரணன் தொண்ணூற்றேழைத் தொட்டான். மண்டியே ஆர்ப்பரித்தது. மேஸ்திரி என்றுமில்லாத பாரநடை நடந்து வந்து ஏறினார். தொண்ணூற்றொன்பது!

"நூறு! நூறு!" என்று கூட்டம் குதித்தது. மேஸ்திரி மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்தார்.

"மன்னிச்சுக்குங்க மேஸ்திரி, இனித் தாங்காது" என்றது பெல்ட்.

பட்! பக்கிள் பறந்து இரும்புத் தராசின்மேல் டங்கென்று மோதிற்று. வேட்டி கணுக்காலுக்கு இறங்கிற்று. மடியிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல் உருண்டோடியது. கோடுபோட்ட பட்டாபட்டி மட்டுமே மானம் காத்தது. எஸ்தர் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"மேஸ்திரி ஈரச் சரக்குடோய்!" என்று கத்தினான் வீரணன்.

கடலையை நனைத்து எடை கூட்டிக் கொண்டுவருவதைவிட அம்மண்டியில் வேறு இழிவில்லை. அத்தகைய மூட்டையைக் கிழித்து ஊரறியக் காட்டுபவரே மேஸ்திரிதான். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கச் சிரிக்க மூச்சு முட்டிற்று. ஒரு மூட்டையின்மேல் சரிந்து அமர்ந்தார். சிரிப்பு அடங்கியும் மூச்சு அடங்கவில்லை. எஸ்தர் அருகே ஓடிவந்தார்.

"தங்கச்சி," என்றார் மெல்ல, "ஈரத்தைச் சரக்கோட சேத்து எழுதுற வழக்கம் இங்க இல்ல. எனக்கும் ஈரம் கழிச்சு எழுது. எவ்வளவு கழியணுமோ, அதையும் நீயே சொல்லு."

அன்றுமுதல் பந்தயம் தலைகீழாயிற்று. மேஸ்திரியின் ஏழு சர்க்கரைத் தேநீர் இரண்டாயிற்று. மாலைப் பரோட்டா ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கிற்று. வீரணன் மோர்ச் செம்பைக் கண்டாலே தலைதெறிக்க ஓடினான். எடை கூடியவனை "ஈரச் சரக்கு" என்று ஓட்டினார்கள். கால் கிலோ குறைந்தவனுக்கோ விசில் கூரையைப் பிய்த்தது.

பன்னிரண்டாம் வாரம் கண்ணாடி எண்பத்தெட்டு காட்டிற்று. "குறைஞ்சுட்டார்! எங்க மேஸ்திரி குறைஞ்சுட்டார்!" என்று வீரணன் ஆடினான்.

மேஸ்திரி இறங்கினார். மூட்டையை முதுகில் ஏற்றினார். பலகையில் ஒரே மூச்சாய் ஏறி, லாரியில் இறக்கிவிட்டுத் திரும்பினார். கண்ணாடியில் அந்த எண் அணைவதற்குள் அடுத்த மூட்டைக்கு முதுகை வளைத்துக்கொண்டிருந்தார்.