பனையன் மறைத்த ரத்தம்

அத்திக்காட்டில் பனையன் என்ற மரநாயும் அதன் தங்கை ஈச்சியும் வாழ்ந்தன. மரநாய்கள் கண்ட இடத்தில் மலம் கழிப்பதில்லை. குடும்பத்துக்கென்று ஒரு பாறை இருக்கும். விடிந்ததும் உருட்டி என்ற சாணவண்டு வந்து, அங்கே கிடப்பதை உருட்டிக்கொண்டு போகும். யார் எதைத் தின்றார், யார் வயிறு எப்படி என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

ஒருநாள் உருட்டி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"பனையா! மூணு நாளா பாக்குறேன். உன் கழிவுல ஒரு விதைகூட இல்ல. ரத்தம்தான் இருக்கு!"

பனையனுக்குத் திக்கென்றது. காட்டோரம் சுற்றுலா விடுதி வந்த பிறகு அது பழம் தேடி மரமேறுவதே இல்லை. விடுதிக் குப்பைத்தொட்டியில் கருகிய கறியும் உப்புக்கறியும் கிடக்கும். மூக்குமுட்டத் தின்றுவிட்டு அங்கேயே சுருண்டு படுத்துவிடும். சோம்பேறி என்று சொன்னால் மட்டும் கோபம் வரும்!

"கத்தாதீங்க மாமா! மூலமா இருக்கும்!"

"இருக்கலாம். ஆனா உங்கப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில குடல் கட்டின்னு ஆச்சு. கருங்குரங்கு வைத்தியர்கிட்ட காட்டு!"

"அப்பா கிழவர். நான் இளவட்டம். எனக்கு எப்படி வரும்?"

மேலே கிளையில் இருந்த நாரை கீழே எட்டிப் பார்த்தது. அது ஆண்டுதோறும் பல நாடுகள் கடந்து வரும் பறவை.

"விடுதியும் தொட்டியும் பெருகின நாடுகள்லதான் இந்தக் குடல் கட்டிய அதிகமா பாத்தேன். இப்போ புதுசா விடுதி வந்த காடுகள்லயும் கூடுது. இளசுகளுக்கும் வருது. பழம் மட்டுமே தின்னவங்களுக்கும் சிலநேரம் வருது. சீக்கிரமா காட்டினவங்கதான் பெரும்பாலும் பிழைச்சாங்க!"

போய்க் காட்டிவிடலாமா என்று பனையன் யோசித்தது. ஆனால் வைத்தியரிடம் பின்பக்கத்தைக் காட்டுவதா? ஊர் சிரிக்காதா? அது ஒரு புத்திசாலித்தனம் செய்தது. மறுநாளிலிருந்து பாறைக்குப் போகாமல், ஓடைக்கு அப்பால் முட்புதரில் ஒதுங்கிச் சருகைப் போட்டு மூடியது.

உருட்டி தினமும் வந்து ஏமாந்து திரும்பியது. ஈச்சிக்கோ சோறு தண்ணி இறங்கவில்லை.

"அண்ணே, ஏன் இப்படி இளைச்சிட்டே?"

"வெயில் காலம்ல!"

மாதங்கள் ஓடின. தேடித் தேடி அலைந்த உருட்டி, கடைசியில் முட்புதருக்குள் சருகை விலக்கிப் பார்த்தது. எல்லாம் ரத்தம். அழுதுகொண்டே ஈச்சியைக் கூப்பிட்டது. இரண்டும் பனையனை வைத்தியரிடம் இழுத்துப் போயின.

கருங்குரங்கு வயிற்றை அமுக்கிப் பார்த்தது. பாதியில் அதன் கை நின்றுவிட்டது.

"உருட்டி மாமா சொன்ன அன்னிக்கே வந்திருந்தா?" என்று பனையன் கேட்டது.

"அப்பவே வந்திருந்தா கட்டிய எடுத்திருக்கலாம். இப்போ முத்திப்போச்சு" என்றது கருங்குரங்கு.

அத்தி பழுக்கும் முன்பே பனையன் இறந்துபோனது.

மறுநாள் விடியலில் ஈச்சி பாறையருகே காத்து நின்றது.

"மாமா, என்னுதையும் பாத்துச் சொல்லுங்க. பயமா இருக்கு!"

உருட்டி புரட்டிப் புரட்டிப் பார்த்தது. "விதையாத்தான் இருக்கு. ரத்தம் இல்ல. ஆனா என் கண்ணுக்குத் தப்பினதும் இருக்கும். அப்பனுக்கும் அண்ணனுக்கும் வந்த வீடு. நீ வைத்தியர்கிட்ட போயிடு!"

ஈச்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அன்றே போனது. அதன் குடலில் சுண்டைக்காய் அளவில், கட்டியாக வளரக்கூடிய ஒரு முளை இருந்தது. கருங்குரங்கு அதைக் கிள்ளி எடுத்தது. ஈச்சி பிழைத்துக்கொண்டது.

உடம்பில் தெரியும் கோளாறை வெட்கப்பட்டு மறைக்காமல், காலத்தோடு வைத்தியரிடம் காட்டுபவரே உயிரைக் காப்பாற்றிக்கொள்வார்.