கீழ்க்குட்டையில் கேட்ட கணக்கு

ஒரு காட்டில் ஓடை ஒன்று இருந்தது. மேலே அருவி, நடுவில் கோரைப்புல் மேடு, கீழே ஒரு குட்டை. காலைப் பனி இறங்கிவிட்டால் எது தண்ணீர், எது வானம் என்றே தெரியாது. கொக்குகள்கூடப் பறக்கிறோமா, நிற்கிறோமா என்று குழம்பிப்போகும்.

அந்த மேட்டில் கருவாயன் என்ற காட்டுப்பன்றி கோரைக்கிழங்கு தோண்டும் தொழில் நடத்தியது. சின்னத் தொழிலா என்ன? ஒரு பன்றிக் கூட்டமே அதற்கு வேலை செய்தது!

ஓடைக்கரையில் தொழில் செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கீழ்க்குட்டைக் கரையில் நின்று, காட்டிலிருந்து எடுத்தது என்ன, காட்டுக்குச் செய்தது என்ன என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். கேட்டு மனம் நிறைந்தால்தான் தலைமை யானை அடுத்த ஆண்டுக்கு அனுமதி தரும்.

இந்த முறை கருவாயன் தனக்காகப் பேச சிங்காரம் என்ற மயிலை அமர்த்திக்கொண்டது.

"கீழ்க்குட்டையா? சீச்சீ, ஒரே சேறு! அருவிப் பக்கம் வைத்துக்கொள்வோம். சாரல் அடிக்கும், பார்க்க லட்சணமாக இருக்கும்!" என்று யானையிடம் சொன்னது சிங்காரம்.

யானைக்கு அருவி என்றால் கொள்ளை ஆசை. உடனே தலையாட்டிவிட்டது. பெரிய தலைதான், கொஞ்சம் யோசித்திருக்கலாம்!

அருவியடியில் கூட்டம் கூடியது. பனியும் சாரலும் கலந்து மிதந்தன. சிங்காரம் தோகையை விரித்தது.

"நம் கருவாயனார் நட்ட மரக்கன்றுகள் கொஞ்சமா? குயில்களுக்குப் பாட்டுப் போட்டி வைத்தது யார்? முயல்களுக்கு விருந்து போட்டது யார்?"

மான்களுக்குக் கண் சொக்கியது. கரடி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டது. யானையும் இதமாக ஆடிக்கொண்டே கேட்டது.

அப்போது மூச்சிரைக்க ஒரு தவளை தாவி வந்தது. கீழ்க்குட்டையில் குடியிருக்கும் செல்லாத்தா!

"நிறுத்துங்க! அங்க என் பிள்ளைங்க மூச்சு முட்டிச் சாகுது!"

"நல்ல நாளும் அதுவுமா என்னம்மா இது?" என்று உறுமியது கருவாயன்.

"நீங்க தோண்டுற மண்ணெல்லாம் எங்க குட்டைக்குத்தான் வருது. பாதி முட்டை சேத்துக்குள்ள போயிடுச்சு. பொரிஞ்சதுங்க மூச்சுக்குத் தவிக்குது!"

"கவலைப்படாதே! அடுத்த ஆண்டு அறிக்கையில் உங்களைப் பற்றியும் அழகாகச் சொல்லிவிடுகிறேன்!" என்றது சிங்காரம்.

"அதைக் கேக்க அதுங்க உயிரோட இருக்கணுமே!" செல்லாத்தாவின் குரல் உடைந்துபோனது.

யானைக்கு வெட்கமாகிவிட்டது. "எல்லாரும் எழுந்திருங்க. மிச்சத்தைக் கீழே போய்க் கேட்போம்!" என்றது.

பனிக்குள் எல்லாரும் இறங்கி நடந்தார்கள். குட்டைத் தண்ணீர் கூழாக இருந்தது. தலைப்பிரட்டைகள் வாயை மேலே நீட்டி நீட்டித் தவித்தன. மான்களின் தூக்கம் பறந்துபோயிற்று.

"சிங்காரம், விட்ட இடத்திலிருந்து சொல்லு!" என்றது யானை.

"கருவாயனார் நட்ட... நட்ட..." என்று இழுத்த சிங்காரம், தோகையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றது.

"சத்தியமா எனக்குத் தெரியாது!" என்றது கருவாயன்.

"இங்கே வராமல் எப்படித் தெரியும்? தெரியாமல் இருக்கத்தானே அருவிக்குப் போனாய்! நானும் உன்னோடு வந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்!" என்றது யானை.

அன்றே கிழங்கு தோண்டுவது நின்றது. பன்றிகள் மேட்டடியில் கல்லும் புல்கட்டியும் வைத்துக் கரை கட்டின. யானை துதிக்கையால் அருவித் தண்ணீரைக் கொண்டுவந்து கொண்டுவந்து குட்டையில் ஊற்றியது. மெல்ல மெல்லத் தண்ணீர் தெளிந்தது.

மிஞ்சிய பிள்ளைகள் வாலை ஆட்டி நீந்தின. கருவாயன் கரையோரம் வந்து, "இப்போ எல்லாம் சரிதானே அம்மா?" என்று கேட்டது.

"பிழைச்சதுங்களுக்குச் சரி" என்று சொல்லிவிட்டு, செல்லாத்தா சேற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது.

நாம் செய்ததற்கான கணக்கைக் கைதட்டுகிறவர்கள் முன்னால் அல்ல, அதனால் கஷ்டப்பட்டவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும்.