சுவத்துக்கு அந்தப் பக்கம்

"நெஞ்செரிச்சலுக்குப் போயி யாராச்சும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாங்களா சாமி? ஒரு சோடா குடுங்க, போதும்."

இப்படிக் கேட்டது சமையக்காரரு பொன்னுரங்கம். மலையடிவாரத்து மடத்துல அவரு போட்டதுதான் உப்பு, அவரு கரைச்சதுதான் புளி. மடத்துச் சாமிக்கு அவரை விட வயசு கம்மி. ஆனாலும் குரு குருதானே.

பொன்னுரங்கத்தோட ஏப்பம் ஊருக்கே பேர்போனது. 'க்ர்ர்ர்'னு மலையேறுற லாரி மாதிரி கிளம்பும், 'ஏஏஏவ்'னு உச்சிக்குப் போகும், 'முருகா'ன்னு எறங்கும். எறங்கிருச்சுன்னா நோய் போயிருச்சு. அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் அம்புட்டுத்தான்.

எப்பெல்லாம் எரியும்னு சாமி கேட்டாரு.

சாப்புட்டுப் படுத்தா எரியுமாம், தொண்டை வரைக்கும் புளிச்சுக்கிட்டு வருமாம், பல வருசமா இருக்குறதாம். இன்னிக்கு என்னமோ மேல் கோயிலுக்குப் பொங்கச் சட்டியைத் தூக்கிக்கிட்டுப் படியேறுறப்போ புடிச்சுச்சாம். உக்காந்தா விட்டுச்சாம். ஏறினா மறுபடியும் புடிச்சுச்சாம்.

"புளிச்சுச்சா?"

"இல்ல சாமி. சும்மா அமுக்குது."

சாமி சோடா குடுக்கல. அவரை அடுப்படிச் சுவத்துல சாச்சு உக்கார வச்சாரு. வண்டி வர்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.

சுவத்துல 'தொம்'முனு ஒரு சத்தம்.

பெருச்சாளிதான், அரிசி மூட்டைக்கு வந்துருக்குன்னு பொன்னுரங்கம் முனகுனாரு.

மறுபடியும் 'தொம்'.

உக்காந்த எடத்துலயே கரண்டியை ஓங்கி, அடுப்புச் சந்துப் பக்கம் பாத்து ஒரு அதட்டு அதட்டுனாரு.

சுவத்துக்குப் பின்னாடி இருந்து சாமியோட குரல் வந்துச்சு.

"அங்க யாரை அதட்டுறீங்க? நான் மாட்டுக் கொட்டாயில நின்னுல்ல தட்டுறேன்."

பொன்னுரங்கம் சுவத்தைப் பாத்தாரு.

அப்புறம் குனிஞ்சு தன் நெஞ்சைப் பாத்தாரு.

கரண்டியைக் கீழ வச்சாரு. அதுக்கப்புறம் சோடான்னு வாயே தெறக்கல.

வண்டி வந்துச்சு. ஆஸ்பத்திரியில ரத்தக்குழா அடைப்பை எடுத்து விட்டாங்க.

மறுநா, நெஞ்சு மேல ஒரு கருவியை வச்சு டாக்டரம்மா திரையில காட்டுனாங்க. அந்தம்மா மூக்காலயே பேசுவாங்க.

"எரிச்சலும் நெசந்தாங்ங்க, அடைப்பும் நெசந்தாங்ங்க. சோத்துக்குழா இந்த இருதயத்துக்கு முதுகுப் பக்கமா ஒட்டிக்கிட்டுல்ல போகுது. எது கத்துதுன்னு ஒடம்புக்காரருக்கே தெரியாதுங்ங்க."

திரையில கையளவுக்கு ஒண்ணு மூடி மூடித் தொறந்துச்சு. அடிபட்டும் நிக்கல. யாரும் அதை ஏவவும் இல்ல.

பொன்னுரங்கம் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்த நேரம் பாத்து உள்ளேருந்து 'க்ர்ர்ர்'னு ஒண்ணு கிளம்புச்சு. சட்டுனு கையால வாயைப் பொத்திக்கிட்டாரு.

அது அடங்குன பெறகு, பக்கத்துல உக்காந்திருந்த சாமிகிட்ட மெல்லக் கேட்டாரு.

"சாமி, நான் தூங்குறப்பவுமா இது..."

சாமி எந்திரிச்சாரு.

கோயிலுக்குள்ள நுழையுற மாதிரி, செருப்பை வாசலுக்கு வெளிய கழட்டிப் போட்டுட்டு வந்தாரு.