திறந்த தேதி

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் ஒரு தவச்சாலை இருந்தது. ஓட்டுக் கட்டடம் இரண்டு, கிணறு ஒன்று, அரை ஏக்கர் நெல். குரு செங்கமலம் அம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர்கள் ஏழு பேர். ஏழு பேரும் குருவைவிட மூத்தவர்கள்.

அம்மாள் முன்பு பெங்களூரில் பன்னிரண்டு வருடம் கணினி வேலை பார்த்தவர். ஊரார் கோப்புகள் கெடாமல் காப்பதுதான் அந்த வேலை. துறவுக்கு வந்த பிறகும் ஒரு கணினியை வைத்துக்கொண்டார். அவருடைய பேச்சுகளைப் பதிந்து அதில் சேர்ப்பது அம்பலவாணனின் பொறுப்பு.

அம்பலவாணனுக்கு அறுபத்து நான்கு. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கு எடுத்தவர்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவையும் ஒரு கல்யாணப் பத்திரிகையையும் வைத்துக்கொண்டு அம்மாள் முன் வந்து நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

"அம்மா, ஒருத்தர் ஒரு ஃபைலைத் திறந்து படிச்சாரா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"யார் படிச்சாரான்னு?"

"என் தம்பி."

பிறகு உட்கார்ந்து சொன்னார். அவர் தாயார் இறந்தபோது தம்பி திருஞானம் சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். எமகண்டம் தொடங்கிவிடும், இனித் தாமதிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மூத்தவர் அம்பலவாணன் தலையசைத்தார். சிதைக்குத் தீ வைத்த இருபதாவது நிமிடம் தம்பி சுடுகாட்டுக்கு ஓடி வந்தார். அம்பலவாணன் அப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தார். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. காரியம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் பேச்சில்லை.

எட்டு மாதம் கழித்து அம்பலவாணன் ஒரு கடிதம் எழுதினார். கையால் எழுத வெட்கமாக இருந்தது, தட்டச்சு செய்தார். தாயாரின் புகைப்படங்கள் நாற்பத்தாறு. நாற்பத்தேழாவதாகக் கடிதத்தை வைத்து, பென்டிரைவில் ஏற்றித் தம்பிக்கு அனுப்பினார். அது ஏப்ரல் மூன்று. மே பத்தொன்பதில் பென்டிரைவ் ஒரு உறையில் திரும்பி வந்தது. உறையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பதினோரு வருடம் ஆகிவிட்டது.

இப்போது தம்பி மகளுக்குக் கல்யாணம், வரும் ஞாயிறு. பத்திரிகை தபாலில் வந்தது. விலாசம் வேறு யாரோ எழுதியது.

"படிச்சிட்டுத்தான் பேசாம இருக்கான்னா நான் போய் நிக்கிறதுல அர்த்தம் இல்லைம்மா. படிக்கவே இல்லைன்னா போவேன். போய் வாயால சொல்லிடுவேன்."

அம்மாள் கை நீட்டிப் பென்டிரைவை வாங்கிக்கொண்டார்.

"ஒவ்வொரு ஃபைலுக்கும் மூணு தேதி இருக்கும். இந்த இடத்துக்கு வந்த தேதி, கடைசியா மாத்தின தேதி, கடைசியாத் திறந்த தேதி. ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு கட்டம்தான். புதுசு வந்தா பழசு போயிடும்."

"மே மாசம் திறந்திருந்தா?"

"அதுக்கப்புறம் யாரும் திறக்கலைன்னா மே மாசம்னு இருக்கும். ஆனா ஆள் பேரு இருக்காது. வைரஸ் தேடுற புரோகிராம் திறந்தாலும் அதே கட்டம்தான்."

அது போதும் என்றார் அம்பலவாணன்.

அம்மாள் பென்டிரைவைக் கணினியில் செருகினார். திரையில் நாற்பத்தேழு பெயர்கள் வந்தன. அந்த நேரம் வெளியே சீடர் கோதண்டம் கூப்பிட்டார். மேற்கே கருத்துவிட்டது, களத்தில் நெல் காய்கிறது என்றார்.

"நெல்லை அள்ளிட்டு வந்துடறேன். நீங்க முட்டி வலியோட அங்க வர வேண்டாம். இதைத் திறக்காம இருங்க, போதும்," என்று சொல்லிவிட்டு அம்மாள் போனார்.

அறையில் அம்பலவாணனும் நாற்பத்தேழு பெயர்களும் இருந்தார்கள். கடைசிப் பெயர் 'தம்பிக்கு'. அன்று என்ன சொற்களில் எழுதினோம் என்று அவருக்குச் சரியாக நினைவில்லை. ஒரு சொல் கடுமையாக விழுந்திருந்தால்? அதனால்தான் தம்பி பேசவில்லையோ? அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டால் நிம்மதி.

அவர் திறந்தார். இரண்டு வரி படித்தார். மூன்றாவது வரியில், தான் எழுதியதையே மேலே படிக்க முடியாமல் மூடிவிட்டார். மூடிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

மழை தொடங்கியது. அம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் கோதண்டம் வந்தார். அம்பலவாணன் எழுந்து நின்றார்.

"அம்மா, திறந்துட்டேன்."

அம்மாள் அந்தக் கோப்பின் விவரத்தை எடுத்துப் பார்த்தார். கடைசியாகத் திறந்த தேதி: இன்று.

"முன்னாடி என்ன இருந்துச்சு?" என்றார் அம்பலவாணன்.

"நான் பார்க்கலை. நீங்களும் பார்க்கலை."

கோதண்டம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். யாருடைய சங்கடத்தையும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல் எடுத்துச் சொல்லிவிடுவார்.

"மீட்டர் பார்க்கப் போன மனுசன் மீட்டரையே ஓட்டிட்டு வந்திருக்காரு," என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே.

அம்பலவாணனுக்கே ஒரு கணம் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"வாஸ்தவம் அண்ணே. ஆனா மீட்டரை ஆயிரம் தடவை பார்த்தாலும் அது ஓடாது. இது பார்த்தாலே மாறிடுது."

"உங்க மீட்டர் வீட்டுக்காரர் எவ்வளவு எரிச்சார்னு மட்டும்தான் சொல்லும்," என்றார் அம்மாள். "எத்தனை பேர் வந்து எட்டிப் பார்த்தாங்கன்னு சொல்ல ஆசைப்படாது. இது ஆசைப்படுது. அதான் இந்தக் கட்டம் மூணுலயும் லேசானது. யார் கை பட்டாலும் போயிடும்."

அம்பலவாணன் பத்திரிகையை எடுத்து மடித்தார். நான்காக மடித்தார். அன்றைக்கும் தன்னால் காத்திருக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை என்றார். இனி எதைக் கொண்டு தீர்மானிப்பது, ஞாயிற்றுக்கிழமை போகவில்லை என்றார்.

"மீதி ரெண்டு தேதி இருக்கே, ஐயா."

"அது எனக்குத் தெரிஞ்ச தேதிதானேம்மா."

அம்மாள் முதல் புகைப்படத்தின் விவரத்தை எடுத்தார். தாயார் கிணற்றடியில் கீரை ஆய்கிற படம். இந்த இடத்துக்கு வந்த தேதி ஏப்ரல் மூன்று. மாற்றிய தேதி அதற்கு இரண்டு வருடம் முந்தியது.

கோதண்டம் எட்டிப் பார்த்தார். "பொறக்குறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே மாறிடுச்சா? நல்லா இருக்கே கணக்கு."

"படம் எடுத்தது அன்னைக்கு. இந்த பென்டிரைவ் குச்சிக்குள்ள வந்தது ஏப்ரல்ல. குச்சிக்குத் தெரிஞ்சது, தன்கிட்ட வந்த நாள்தான்," என்றார் அம்மாள்.

இரண்டாவது படமும் அப்படியே. மூன்றாவதும். அம்பலவாணன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பத்தாறும் வருவதற்கு முன்பே மாறியவை. வந்த பிறகு ஒன்றுகூட மாறவில்லை.

அம்மாள் நாற்பத்தேழாவதுக்கு வந்தார்.

"கடிதத்தை என்னைக்கு எழுதி முடிச்சீங்க?"

"மார்ச் இருபத்தொன்பது. அப்புறம் ஒரு எழுத்துகூட நான் தொடலை."

"குச்சிக்குள்ள வந்தது ஏப்ரல் மூணு. சரிதானே?"

"சரி."

"மாத்தின தேதி மே பதினொண்ணு."

கோதண்டம் துவட்டுவதை நிறுத்திவிட்டார்.

"மே பதினொண்ணுல இது என்கிட்ட இல்லையே," என்றார் அம்பலவாணன்.

"படிச்சா இந்தத் தேதி மாறாது ஐயா. எழுதிச் சேமிச்சாத்தான் மாறும்."

அம்மாள் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார்.

"இப்ப திறங்க. கடைசிவரைக்கும் படிங்க."

அவர் திறந்தார். இந்த முறை மூன்றாவது வரியைத் தாண்டினார். தன்னுடைய பதினான்கு வரிகளையும் படித்தார். அதன்பின் வெற்றிடம். மவுஸைக் கீழே உருட்டினார். அடுத்த பக்கத்தில் ஆறு வரிகள் இருந்தன.

"அண்ணே, இருபது நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. அம்மாவை அப்படிப் பார்க்கத் துணிவில்லாமல் நான்தான் அரியலூர் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்டதைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்களுக்குக் கோபம் இல்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள்."

அம்பலவாணன் அதை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, நான்காவது முறை படித்தார். கோதண்டம் சத்தமில்லாமல் வெளியே போய், நெல் மூட்டைகள் நனைகின்றனவா என்று பார்த்தார். மூட்டைகள் கூரைக்கு உள்ளேதான் இருந்தன.

"பீரோவில் வெச்சுப் பூட்டினேன்மா," என்றார் அம்பலவாணன். "நான் அனுப்பினது அப்படியே திரும்பி வந்திருக்குன்னு பூட்டினேன்."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இதன் கீழேயே தான் ஒரு வரி எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டார். மாற்றிய தேதி இன்றைய தேதியாகிவிடும் என்றார் அம்மாள். மே பதினொன்று போய்விடுமா என்றார். போய்விடும், ஒரே கட்டம்தான் என்றார் அம்மாள்.

அம்பலவாணன் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்று காலையில் ஒரு தேதியை அவசரத்தில் தொலைத்தாயிற்று. தம்பி தன்னை நினைத்துக் கை வைத்த நாள் என்று இந்தப் பதினோரு வருடத்தில் இருப்பது இது ஒன்றுதான். இதையும் தொலைக்க மனம் வரவில்லை.

"யாரும் எழுத முடியாதபடி இதை அப்படியே பூட்டி வைக்கலாமா அம்மா?"

"பூட்டலாம்," என்றார் அம்மாள். "உங்க தம்பி காத்திருக்க ஆரம்பிச்ச தேதி அது. பூட்டட்டுமா?"

அம்பலவாணன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.