புளி போட்டுத் தேய்த்த பொத்தான்

“டீச்சர், முதுகுல எழுத்தே இல்லாத பொத்தானுக்கு வயசு சொல்ல முடியுமா?”

கேட்ட பிறகு தொம்மைக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. அறுபத்தாறு வயது ஆளின் குரல் இப்படி நடுங்கலாமா?

டீச்சர் என்பது ஜமீலா. தையல் கடைக்காரர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் இல்லை, வயதும் நாற்பதைத் தாண்டவில்லை. ஆனால் புயலில் அழிந்துபோன மணல்முனையில் உலோகம் தேடும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் எல்லாம், தங்கம் கிடைக்கும் என்று போய், கடைசியில் ஒரு பொத்தானோடு அவர் முன்னால்தான் வந்து நிற்பார்கள். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, முதுகைப் பார்த்தே எந்தக் காலத்துச் சட்டை என்று சொல்லிவிடுவார்.

தொம்மை அவரிடம் எட்டு மாதம் கற்றவர். நூல் கோக்கிற வளையத்துக்குக் காது என்று பெயர். காது வார்ப்போடு சேர்ந்தே வந்திருந்தால் பழசு. கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தால் அதற்குப் பிந்தியது. முதுகில் வருஷமே குத்தியிருந்தால் நம் அதிர்ஷ்டம்.

“காட்டுங்க அண்ணே.”

கைக்குட்டையைப் பிரித்து வைத்தார். பித்தளைப் பொத்தான். முகத்தில் ரயில் சக்கரம். நேற்று வாங்கியது மாதிரி மின்னியது.

ஜமீலா எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“புளி போட்டுத் தேச்சிருக்கீங்க.”

“அழுக்கா இருந்துச்சு.”

“மொத நாளு உங்ககிட்ட என்ன சொன்னேன்?”

“இது குத்துவிளக்கு இல்ல, தேய்க்காதீங்கன்னு.”

இந்தக் கரையில் பித்தளை கையில் பட்டால் அடுத்த கை புளிப்பானைக்குப் போகும். புதிதாக வருகிறவர்கள் அத்தனை பேரும் செய்கிற தப்பு அது. எட்டு மாதம் கற்றவர் செய்ய மாட்டார்.

ஜமீலா பொத்தானைக் கவிழ்த்தார். முதுகு வழவழவென்று இருந்தது.

“சக்கரத்துல ஒரு கீறல் இல்ல. முதுகுல மட்டும் உப்புத்தாள் ஓடியிருக்கு.”

தொம்மை எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார்.

“அப்ப வயசு சொல்ல முடியாதுல்ல டீச்சர்?”

“ஏன் முடியாது? படிச்சவர்தானே அழிச்சிருக்காரு. அவரைக் கேட்டாப் போச்சு.”

ஜமீலா மெஷினில் பாதி தைத்துக் கிடந்த துணியை எடுத்து ஓரமாக வைத்தார். தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

“புயல் வருஷம் குத்தியிருந்துச்சு,” என்றார் தொம்மை.

“அந்த வருஷத்து ரயில்வே கோட்டு மணல்முனை ஸ்டேஷனுக்கு எத்தனை வந்துச்சு?”

“ஒண்ணே ஒண்ணு. புயலுக்குப் பத்து நாள் முந்தி. மத்தவங்களுக்கெல்லாம் பழைய கோட்டுதான். அம்மா சொல்லும்.”

“யாருக்கு வந்துச்சு?”

“அப்பாவுக்கு.”

அப்பா சந்தியாகு, சிக்னல்காரர். புயலன்று கடைசி ரயிலில் ஏறி ஓடிவிட்டார், பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வேறெங்கோ குடும்பம் நடத்துகிறார் என்று ஊர் பேசியது. கோட்டுப் போட்ட ஒருவரை ரயிலில் பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்களும் உண்டு. தொம்மை நம்பினார். தன் கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பாவின் போட்டோவை எடுத்து அடுப்பில் போட்டார். கல்லறைத் திருநாளில் அம்மாவுக்கு மட்டும்தான் மெழுகுவத்தி. அப்பாவுக்கு ஒரு செபம்கூடச் சொன்னதில்லை.

“ஓடுற அவசரத்துல ஒரு பொத்தான் அறுந்து விழலாம்ல டீச்சர்?”

“விழலாம். எங்க கெடச்சுது?”

“சாஞ்சு கெடக்குற சிக்னல் கம்பத்தடியில.”

“கோட்டுக்கு எத்தனை பொத்தான்?”

“அஞ்சு.”

“டிடெக்டர் எத்தனை தடவை கத்துச்சு?”

தொம்மை கைக்குட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“அண்ணே.”

“அஞ்சு தடவை.”

“மீதி நாலு எங்க?”

“எடுக்கல. மண்ணைத் தள்ளிப் பாத்தேன். பாத்துட்டு மூடிட்டேன்.” தன் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே தொட்டுக் காட்டினார். “வரிசையா இருக்கு டீச்சர். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. போட்டபடியே.”

ஜமீலா பொத்தானை மேசையில் வைத்தார்.

“எத்தனை நாளாச்சு?”

“மூணு வாரம். தூக்கமே இல்ல. பயமா இருக்கு.”

“செத்தவரைப் பாத்தா?”

“இல்ல டீச்சர். ஓடிப்போனவர்னா திட்டிக்கிட்டே நானும் போய்ச் சேந்திருப்பேன். இவரு அந்தக் கம்பத்தை விட்டு நகரவே இல்ல. இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர்கிட்டப் போவேன்?”

ஜமீலா பொத்தானை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். மெஷினுக்கு உறை போட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினார்.

“வாங்க.”

தொம்மை எழுந்தார். பழக்கதோஷத்தில் சுவரோரம் சாய்த்திருந்த டிடெக்டரை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“அதை வச்சிட்டு வாங்க அண்ணே,” என்றார் ஜமீலா. “இதுக்குக் கை போதும்.”