செங்காவிப் பட்டை

திருவேங்கடம் மடத்துக்குள் வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கோபம் தலைக்கேறினால் மனுஷருக்குக் கால் ஞாபகம் இருக்காது.

குரு வடிவம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் திருவேங்கடத்துக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் மடத்துக்கு வந்துவிட்டால், பஸ் டிப்போவையே அதட்டும் இந்த டைம் கீப்பரும் அவருக்கு ‘நீ’தான்.

“செருப்பு,” என்றார் குரு.

திருவேங்கடம் வாசலில் போய் உதறிவிட்டு வந்தார்.

“அம்மா, என்னை ஏமாத்திட்டானுங்க. தெருவே சேர்ந்து ஏமாத்திடுச்சு!”

“உட்காரு.”

“உட்கார முடியலம்மா. உடம்பெல்லாம் எரியுது.”

எரியாமல் என்ன செய்யும்? வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரிடம் பல்லிளித்துக் காலம் தள்ளியவர் அவர். சேமிப்பு, மனைவியின் நகை, பேங்க் கடன் என்று எல்லாவற்றையும் கொட்டி, ஏரிக்குப் பின்னால் இருக்கும் நகரில் ஒரு வீடு வாங்கினார். அந்தத் தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும், உள்ளேயும் வெளியேயும், தரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்குச் செங்காவிப் பட்டை. பொங்கலுக்குப் பொங்கல் தெருவே சேர்ந்து பூசுமாம். எவ்வளவு ஒற்றுமையான ஜனங்கள் என்று வாயைப் பிளந்தார். அந்த அழகில் மயங்கி ஒழுங்காகப் பேரம்கூடப் பேசவில்லை.

நேற்று சாமிப் பலகை மாட்டுவதற்காக, வாழ்நாளில் முதல்முறையாக, யாரையும் கேட்காமல் ஆணி அடித்தார். பட்டையின் மேல் ஓரத்தில் பெயிண்ட் உரிந்து விழுந்தது. அடியில் சேறு காய்ந்த கோடு. கத்தியால் சுரண்டினார். சுரண்டச் சுரண்டக் கோடு நீண்டது. அறையை ஒரு சுற்றுச் சுற்றி, அடித்த ஆணிக்கே திரும்பி வந்தது.

வெள்ளம் வந்து நின்ற மட்டம் அது. வீட்டை விற்றவன் வெளியூர் போய்ச் சேர்ந்துவிட்டான்.

“வீடு பார்க்க எத்தனை தடவை போனேன்! எத்தனை வீட்டுல காபி குடிச்சேன்! சார், இங்க தண்ணி வரும், யோசிச்சு வாங்குங்கன்னு ஒருத்தன் வாயைத் திறந்தானா? பக்கத்து வீட்டுக் குமரகுரு தோள்மேல கை போட்டு, நல்ல இடம் சார்னான். மனுஷனா அவன்?”

“இப்ப என்ன பண்ணப் போறே?”

“அதைக் கேட்கத்தான் வந்தேன். வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும். ரெண்டு விதம் சொல்றாங்க. ஒண்ணு தீக்கும் திருட்டுக்கும். விலை கம்மி. இன்னொண்ணுல வெள்ளமும் சேரும். விலை ஜாஸ்தி. ஆனா அதுக்குக் கம்பெனி ஆள் நேர்ல வருவான். தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேட்பான்.”

“சொல்லேன்.”

“சொல்ல விட்டாத்தானே! குமரகுரு ஆள் சேர்த்துக்கிட்டு வந்து நிக்கறான். நீங்க ஒருத்தர் வெள்ளத்துக்கு எடுத்தா கம்பெனிக்காரன் தெருவையே குறிச்சு வச்சுப்பான், அப்புறம் எங்க வீட்டை எவன் வாங்குவான்னு கேட்கறான். என்கிட்டயே கேட்கறாம்மா!”

“நீ என்ன சொன்னே?”

திருவேங்கடத்தின் குரல் இறங்கியது.

“எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து? விலை கம்மியானதையே எடுத்துக்கலாம்னு பார்க்கறேன். ஒரு வருஷம் தாண்டிட்டா, நானும் பட்டையைப் பூசி எவன் தலையிலயாவது கட்டிட்டுப் போயிடறேன். அதுக்குள்ள தண்ணி வந்துட்டா நடுத்தெருவுலதான் நிக்கணும். அதான் பயமா இருக்கு. எதை எடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.”

குரு கீரையை ஈரத்துணியால் மூடினார்.

“வீட்டைக் காட்டு.”

வழியெல்லாம் திருவேங்கடம் திட்டிக்கொண்டே வந்தார். விற்றவனை, தரகனை, ஏரியை, கடைசியில் அந்த ஏரியை வெட்டிய ராஜாவையும் விட்டுவைக்கவில்லை.

வீட்டுக் கூடத்தில் ஒரு பெயிண்ட் டப்பா இருந்தது. சுரண்டிய இடத்தில் பூசச் சொல்லி குமரகுரு கொடுத்துவிட்டது. காசு வேண்டாம் என்றுகூடச் சொன்னானாம்.

குரு மூடியைத் திறந்து பிரஷ்ஷை நனைத்தார்.

“சுவரை ஒட்டி நில்லு.”

திருவேங்கடம் நின்றார். சுவரில் இருந்த சேற்றுக்கோட்டின் மட்டத்தில், அவருடைய வெள்ளைச் சட்டைமேல், இந்தக் கையிலிருந்து அந்தக் கைவரை குரு ஒரே இழுப்பாக இழுத்தார்.

“என்னம்மா இது! உங்களுக்கு அறிவு இருக்கா?”

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

“கிரகப்பிரவேசத்துக்கு எடுத்த சட்டை! இந்தக் கறை போகுமா?”

“போகாது. மேல இன்னொரு சட்டையைப் போட்டுக்கோ. யாருக்குத் தெரியும்?”

திருவேங்கடத்துக்கு முகம் சிவந்தது. விடுவிடுவென்று வாசலுக்குப் போய்விட்டார்.

வாசலில் குமரகுரு நின்றிருந்தான். கூடவே ஒரு வாலிபனும், இடுப்பில் கைக்குழந்தையோடு அவன் மனைவியும். குமரகுருவின் வீட்டை விலைக்குப் பார்க்க வந்தவர்கள்.

“இதோ, சாரே இருக்காரே!” என்றான் குமரகுரு, வாயெல்லாம் பல்லாக. “இவரும் இப்பத்தான் இந்தத் தெருவுல வாங்கினார். என் பேச்சுல நம்பிக்கை இல்லைன்னா இவரையே கேட்டுப் பாருங்க.”

அப்புறம்தான் திருவேங்கடத்தின் சட்டையைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினான்.

அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை.

“தெரு ரொம்ப அழகா இருக்கு சார். எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி பட்டை. பார்த்ததுமே பிடிச்சுப்போச்சு.”

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு இன்னும் கிட்டே வந்தாள்.

“எங்களுக்கு இதுதான் சார் முதல் வீடு. ஒண்ணும் தெரியாது. பேங்க்ல இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்றாங்க. தீக்கும் திருட்டுக்கும் மட்டும் எடுத்தா போதுமா? இல்ல, வெள்ளத்துக்கும் சேர்த்து எடுக்கணுமா?”

குழந்தை அவர் சட்டையில் இருந்த ஈரக்கோட்டைத் தொடக் கை நீட்டியது. குமரகுரு தொண்டையைச் செருமினான்.

திருவேங்கடம் திரும்பி, உள்ளே நின்ற குருவைப் பார்த்தார்.

குரு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

“உன்னைத்தான் கேக்கறாங்க,” என்றார்.