லூர்துராஜின் சட்டைப் பை

சபுராவுக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் வேலை கற்க வந்த தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தொன்பது. திருச்சி சிங்காரத்தோப்பில், செல்போன் பழுது பார்க்கும் சின்னக் கடையொன்றில் குருவும் சீடரும் இப்படி வாய்த்திருந்தார்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவருக்குக் கை சும்மா இருக்கவில்லை, வந்துவிட்டார்.

அன்று காலை அவர் மேஜையில் ஒரு குட்டிப் பாட்டு பிளேயர். லூர்துராஜ் என்பவருடையது. அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் ஊசியோடு நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். சட்டைப் பையில் பாடும் பிளேயர்தான் துணை. அதுவும் ஒரு மணி நேரத்தில் உயிரை விட்டுவிடும். மிச்ச நேரமெல்லாம் மின்விசிறியை வெறித்துக்கொண்டு கிடப்பார், பாவம்.

"நாலு மணி நேரம் பாடினா போதும்" என்று கொடுத்திருந்தார். மாலை நான்கு மணிக்கு, ஆஸ்பத்திரி போகிற வழியில் வாங்கிக்கொள்வார்.

தெய்வசிகாமணி பெரிய பேட்டரி ஒன்றை வைத்தார். இடம் போதவில்லை. உள்ளே இருந்த பிளாஸ்டிக் முட்டுகளை ராவித் தள்ளினார். மூடியை அழுத்திப் பிடித்துத் திருகாணிகளை இறுக்கினார். வெளியே ஒரு மாற்றமும் தெரியவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"டீச்சரம்மா, முடிஞ்சிருச்சு."

சபுரா மூடியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் முடியல சார்."

"பாடுதே! வேற எப்படித்தான் தெரியும் முடிஞ்சுதுன்னு?"

"பாட விட்டு, உங்க சட்டைப் பையில போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டார். பத்து நிமிடத்தில் நெஞ்சருகே லேசாகச் சுட்டது. உடம்புச் சூடா, பேட்டரிச் சூடா? நெருக்கி அடைத்த பேட்டரி உப்பும், உப்பினால் தீப்பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததா என்ன? கையில் திருப்புளி இருந்தும் வேலை ஓடவில்லை. சபுராவோ அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எடுத்துரட்டுமா டீச்சரம்மா?"

"ஏன் சார்? நீங்க செஞ்சதுதானே."

"பயமா இருக்கும்மா."

"அவரால சட்டுனு எடுக்க முடியாது சார். கையில ஊசி இருக்கும்."

தெய்வசிகாமணிக்கு முகம் சுருங்கிப்போனது. வெளியே எடுத்துத் திருகாணிகளைக் கழற்றினார். மூடி தானாகவே எழும்பியது. பேட்டரியின் மூலையில் திருகாணி குத்திய பள்ளம். அதை மணல் சட்டியில் போட்டார்.

பத்து மணி நேரம் தாங்கும் வேறு பேட்டரி எடுத்தார். பழைய சார்ஜர் ஒன்றின் கூட்டை அறுத்து, சுற்றிலும் இடைவெளி விட்டு, பிளேயரின் முதுகில் பொருத்தினார். கூன் விழுந்தது போல இருந்தது.

"பாக்க அசிங்கமா இருக்கும்மா."

"போட்டுக்கங்க சார்."

மணி பன்னிரண்டு ஆகவில்லை. முதல் அரை மணியில் பத்துத் தடவை பையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஒரு கல்லூரிப் பெண் உடைந்த இயர்போனோடு வந்தாள். பிறகு யாரோ சார்ஜ் ஏறாத போனைக் கொண்டுவந்தார்கள். பையில் தணிவாக ஓடிய பாட்டு காதுக்குப் பழகிப்போனது; பொழுது போனதே தெரியவில்லை.

நான்கு மணிக்கு லூர்துராஜ் படியேறி வந்தார்.

"நம்ம பிளேயர் ரெடியாண்ணே?"

தெய்வசிகாமணி மேஜையில் தேடினார். இழுப்பறையைத் திறந்தார். குனிந்து தரையைத் துழாவினார். நெற்றி வியர்த்துவிட்டது.

"இங்கதானே வச்சேன்... டீச்சரம்மா, காணோமே!"

"சட்டைப் பையைப் பாருங்க."

அவர் கை நெஞ்சுக்குப் போனது. பிளேயர் அங்கேதான் இருந்தது, இன்னும் பாடிக்கொண்டு.

"இப்ப முடிஞ்சிருச்சு சார்" என்றார் சபுரா. "குடுத்திருங்க."